ஐந்து அங்குலம்

8 நவம்பர் 1943, திங்கள்

கப்பல்களின் பெயரை எங்கும் எழுதக் கூடாது என்பது துறைமுக உத்தரவு. நாட்குறிப்பே வைத்திருக்கக் கூடாது என்றும் அலுவலகத்தில் பேசிக்கொள்கிறார்கள். முப்பத்தொரு வருடப் பழக்கம், விட முடியவில்லை. அதனால் நான் கணிதம் கற்பித்த கடைசி வகுப்பின் வருகைப் பதிவேட்டு வரிசையில் கப்பல்களுக்குப் பெயர் வைத்து எழுதி வருகிறேன். இன்று வந்தது பதினேழாவது. பதினேழாம் எண் மதுரநாயகம். எந்தத் தேர்வையும் அரை மணி முன்னதாக முடித்து, திருப்பிப் பார்க்காமல் எழுந்து போகும் பையன். பெயர் பொருந்திவிட்டது. அமெரிக்க அரசாங்கம் போருக்காக ஒரே அச்சில் கட்டித் தள்ளும் சரக்குக் கப்பல்களில் இதுவும் ஒன்று. தகடுகளை ஆணி அடித்து இணைக்கவில்லை. வெல்டிங் வைத்து ஒட்டியிருக்கிறார்கள்.

"நம்மாத்துல ஒரு கல்யாணத்துக்குப் பந்தல் போட்டுப் பிரிக்கறதுக்குள்ள அவன் ஒரு கப்பலையே கட்டி முடிச்சுடறான், ப்ரொபசர்வாள்" என்றார் சேஷாச்சாரி. எங்கள் அளவை அலுவலகத்தின் தலைவர். என்னைவிடப் பதினைந்து வயது இளையவர். நான் ப்ரொபசர் அல்ல, விரிவுரையாளராகவே ஓய்வு பெற்றேன் என்று இரண்டு முறை சொல்லிவிட்டேன்.

என் வேலை எளியது. கப்பலின் முன் முனையிலும் நடுவிலும் பின் முனையிலும் வெள்ளை எண்கள் எழுதியிருக்கும். எத்தனை அடி தண்ணீரில் அமிழ்ந்திருக்கிறது என்பதைப் படகில் போய், இரண்டு பக்கமும் படித்துக் குறிக்க வேண்டும். அதிலிருந்து சரக்கின் எடையைக் கணக்கிடலாம். அலையில் எண் சரியாகத் தெரியாது என்பதால் ஒரு கண்ணாடிக் குழாயை நீரில் செங்குத்தாக வைத்து, குழாய்க்குள் அடங்கி நிற்கும் மட்டத்தைப் பார்ப்பேன்.

முன்னும் பின்னும் படித்ததன் சராசரியே நடுவில் வர வேண்டும். பெரும்பாலும் வருவதில்லை. நான் சேர்ந்த புதிதில் இதனால் தாள்கள் திரும்பத் திரும்ப மேலிடத்திலிருந்து வந்துகொண்டிருந்தன. நடுவில்தான் அலை அதிகம் மோதுகிறது, ஆகையால் நடு அளவே நம்பத் தகாதது என்று யோசித்து ஒரு திருத்த அட்டவணை போட்டுக் கொடுத்தேன். அதன்படி செய்தால் மூன்றும் ஒத்துவிடும். சேஷாச்சாரி அதைத் தட்டச்சு செய்து, என் பெயரோடு சுவரில் ஒட்டியிருக்கிறார். அந்தப் பக்கம் போகும்போது நான் அதைப் பார்ப்பதில்லை. பார்க்காமல் போகிறேன் என்பது எனக்கே தெரிகிறது.

மதுரநாயகத்தின் நடு அளவு இன்று இரண்டு அங்குலம் குறைந்தது. அட்டவணைப்படி திருத்தினேன்.

10 நவம்பர், புதன்

மண்ணெண்ணெய் வரிசையில் ஒன்றரை மணி நேரம். எனக்கு முன்னால் நின்றவருக்குத் தீர்ந்துவிட்டது.

வலக்கண்ணில் பனி படர்ந்தது போலிருக்கிறது. அளவு எடுக்கும்போது கண்ணை மாற்றி மாற்றிப் பார்க்கிறேன்.

என் படகைத் தள்ளும் எல்லப்பன் ஒரு உதவி கேட்டான். ராயபுரம் குப்பத்துக்காரன். ஒன்றரை வருடமாக என்னை எல்லாக் கப்பல்களையும் சுற்றிக் காட்டுகிறவன். அவன் மகள் கன்னியம்மாளுக்கு ஆவணியில் கல்யாணமானது. மருமகன் தனகோட்டி. மதுரநாயகத்தில் காய்ச்சலால் நான்கு பேர் ஆஸ்பத்திரியில் இருக்கிறார்களாம். பதிலுக்கு ஆள் எடுக்கிறார்கள்.

"இங்கிலீசுல ஒரு மனு எழுதிக் குடு சார். நல்ல பையன். கடல்ல வாந்தி எடுக்க மாட்டான், அவ்ளோதான் படிப்பு."

"போர்க் காலத்தில் எதற்கப்பா கப்பல் வேலை?"

"கரையில மட்டும் இன்னா சார்? போன மாசம் குண்டு நம்ம தலைக்கு மேலதானே வந்துச்சு."

எழுதிக் கொடுத்தேன். 'நாணயமானவன், நீச்சல் தெரிந்தவன், நான் நேரில் அறிவேன்' என்று எழுதினேன். அவனை நான் நேரில் பார்த்ததில்லை.

11 நவம்பர், வியாழன்

பாளையங்கோட்டையிலிருந்து மகள் ரெபேக்காளின் கடிதம். சாப்பிடுகிறேனா என்று மூன்று இடத்தில் கேட்டிருக்கிறாள்.

13 நவம்பர், சனி

தனகோட்டிக்கு வேலை கிடைத்துவிட்டது. படகில் அவனும் வந்தான். இருபத்துமூன்று வயது இருக்கும். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றான், படகு ஆடியது.

"உக்காருடா, சாரைத் தண்ணியில தள்ளிட்டா உனக்கு வேல குடுத்ததே வீணு" என்று எல்லப்பன் அதட்டினான்.

"உங்க எழுத்தப் பாத்துட்டு வெள்ளக்காரரு கேள்வியே கேக்கல சார்" என்றான் தனகோட்டி.

கப்பலில் மாங்கனீசு தாது ஏற்றுகிறார்கள். நடுக் கிடங்குகளை வேர்க்கடலை மூட்டைக்கும் தோலுக்கும் ஒதுக்கிவிட்டதால் தாது முழுவதும் முன் கிடங்கிலும் பின் கிடங்கிலும் போகிறது. கனமானது இரண்டு முனைகளில், லேசானது நடுவில். எனக்கு இது சரியாகப் படவில்லை. ஆனால் ஏற்றும் ஒழுங்கை முடிவு செய்வது கப்பலின் முதல் அதிகாரி. அவர் கடலில் இருபது வருடம் இருந்தவர். நான் கரும்பலகைக்கு முன் இருந்தவன்.

16 நவம்பர், செவ்வாய்

ஏற்றி முடித்தார்கள். பகல் இரண்டு மணிக்கு இறுதி அளவு.

முன் முனை 26 அடி 2 அங்குலம். பின் முனை 27 அடி 4 அங்குலம். நடுவில் வர வேண்டியது 26 அடி 9. நான் படித்தது 26 அடி 4.

திரும்பப் படித்தேன். வலக்கண்ணை மூடிக்கொண்டு படித்தேன். மறுபக்கம் போய்ப் படித்தேன். 26 அடி 4.

"இன்னா சார், மூணு வாட்டி சுத்திட்டோம். பிரதட்சணமா?" என்றான் எல்லப்பன். "தேங்கா ஒண்ணுதான் பாக்கி."

நடு ஐந்து அங்குலம் மேலே எழுந்திருக்கிறது. அதாவது முனைகள் இரண்டும் பாரத்தில் தொங்க, முதுகு வளைந்து நிற்கிறது. அல்லது என் கண் தவறு. வெயிலும் காரணமாகலாம்: மேல்தளம் சூடேறினால் இரும்பு நீண்டு நடு சற்று எழும். சற்று என்பது எவ்வளவு என்று தெரியவில்லை.

அலுவலகத்துக்கு வந்து பழைய தாள்களைப் புரட்டினேன். இதுபோன்ற கப்பல்களில் வழக்கமாக எத்தனை அங்குலம் வளைவு இருக்கிறது என்று பார்த்தால் எனக்கு ஒரு அளவுகோல் கிடைக்கும் என்று நினைத்தேன். பதினாறு கப்பல்களின் தாள்கள். முதல் தாளில் வளைவு இல்லை. இரண்டாவதில் இல்லை. எதிலும் இல்லை.

ஆறாவது தாளுக்கு வந்தபோதுதான் புரிந்தது. எல்லாத் தாளும் என் அட்டவணைப்படி திருத்தியவை. பென்சிலில் குறித்த முதல் எண்களை ஒவ்வொரு முறையும் நானே ரப்பரால் சுத்தமாக அழித்திருக்கிறேன். என் தாள்கள் எப்போதும் சுத்தமாக இருக்கும் என்று பெயர்.

17 நவம்பர், புதன்

வெயில் ஏறுவதற்கு முன் அளந்தால் சந்தேகம் தீரும் என்று காலை ஐந்தே முக்காலுக்கே எல்லப்பனை வரச் சொன்னேன். அலை இல்லை. தளம் குளிர்ந்திருந்தது. குழாயில் நீர் அசையாமல் நின்றது.

26 அடி 4.

தனகோட்டி மேலே கைப்பிடிக் கம்பியருகே நின்று கையசைத்தான். "சார், கிடங்கு வாய் மூலையில தளத்துல ஒரு கோடு கீது. தலைமுடி மாதிரி. கேட்டா, பெயின்ட் அடின்னு டப்பாவ குடுத்துட்டாங்க" என்று சிரித்துக்கொண்டே கத்தினான்.

பதினொரு மணிக்குச் சேஷாச்சாரியிடம் போனேன். என்ன சொல்ல வேண்டும் என்பதை ஒரு துண்டுத் தாளில் வரிசையாக எழுதி வைத்திருந்தேன். மூன்றாவது வரிக்கே வரவில்லை.

"அஞ்சு அங்குலமா? போன வாரம் கண்ணுல புரை மாதிரி இருக்குன்னு சொன்னேளே?"

"ஆமாம்."

"நடு அளவு நம்பத் தகாததுன்னு எழுதிக் கொடுத்தது யாரு? நானா?"

"நான்தான். ஆனால் அது அலைக்காகப் போட்ட அட்டவணை. இன்று அலையே இல்லை."

"உங்க அட்டவணைய நீங்களே சந்தேகப்பட்டா நான் எதை நம்பறது, சொல்லுங்கோ? நாளைக்குக் கப்பல் கூட்டமாப் புறப்படறது. காவல் கப்பல் காத்திண்டிருக்கு. ஒரு வாத்தியாரோட கண்ணுக்காக அதை நிறுத்தறதா?" கோபமாகச் சொல்லவில்லை. எனக்கு மோர் கொடுத்தார். "உறுதியாச் சொல்லுங்கோ, ப்ரொபசர்வாள். இந்தக் கப்பல் வளைஞ்சிருக்குன்னு கையெழுத்துப் போடறேளா? போட்டேள்னா நான் மேல எடுத்துண்டு போறேன். இது சத்தியம்."

உறுதியாக. அந்தச் சொல் எனக்கு எப்போதும் வராத சொல்.

நடு 26 அடி 9 என்று மையில் எழுதிக் கையெழுத்திட்டேன். இந்த நாட்குறிப்பில் இருப்பவையே நான் உண்மையில் படித்த எண்கள்.

மாலை படகிலிருந்து இறங்கும்போது எல்லப்பன் கப்பலைப் பற்றி ஏதோ கேட்டான். பதில் சொன்னேன்.

18 நவம்பர், வியாழன்

காலை ஏழரைக்குப் புறப்பட்டது.

5 டிசம்பர், ஞாயிறு

ஆராதனைக்குப் பிறகு, சபையைச் சேர்ந்த கண் டாக்டர் தன் வீட்டிலேயே என் கண்களைப் பார்த்தார். வலக்கண்ணில் புரை முற்றுகிறது. இடக்கண்ணில் எந்தக் குறையும் இல்லையாம். "உங்க இடது கண்ணால எறும்போட காலை எண்ணலாம் சார். கவலையே படாதீங்க" என்று முதுகில் தட்டினார்.

மகிழ்ச்சியடைய வேண்டிய செய்தி.

25 டிசம்பர், சனி

கிறிஸ்துமஸ். சர்க்கரை கிடைக்கவில்லை. கன்னியம்மாள் ஒரு தூக்கில் வஞ்சிரக் குழம்பு கொடுத்தனுப்பியிருந்தாள். 'எங்க வீட்டுக்காரருக்கு எழுதிக் குடுத்த சாருக்கு' என்று சொல்லச் சொன்னாளாம். பாதிதான் சாப்பிட முடிந்தது.

19 ஜனவரி 1944, புதன்

தனகோட்டியின் கடிதத்தை எல்லப்பன் படிக்கக் கொண்டுவந்தான். டிசம்பர் நடுவில் எகிப்தில் தபாலில் போட்டிருக்கிறார்கள். கூட வேலை செய்யும் நாகூர்க்காரர் ஒருவர் கையால் எழுதியது. இரண்டு சட்டை வாங்கியிருக்கிறான். கன்னியம்மாளுக்குப் பாசிமணி வாங்கியிருக்கிறான். இனிமேல் குளிரான கடலாம். 'சாரிடம் சொல்லவும். அந்தக் கோடு இப்போது' என்று ஒரு வரி தொடங்கியது. அதற்குப் பிறகு காகிதத்தில் சதுரமான ஓட்டை. தணிக்கைக்காரர் கத்தரியால் வெட்டி எடுத்திருக்கிறார்.

"அதுல இன்னா சார் இருந்திருக்கும்?"

காகிதத்தைத் தூக்கிப் பிடித்திருந்தேன். ஓட்டை வழியாக அவன் முகம் தெரிந்தது.

"தெரியவில்லை எல்லப்பா" என்றேன்.

20 ஜனவரி, வியாழன்

தெரியும்.

24 பிப்ரவரி, வியாழன்

எல்லப்பன் பத்து மணிக்கு அலுவலகத்துக்கே வந்தான். இதற்கு முன் அவன் உள்ளே வந்ததில்லை. கையில் அரசாங்க உறை. "சம்பளச் சீட்டா சார்?" என்றான். உறையைக் கொடுத்த தபால்காரரின் முகத்தைப் பார்த்தபோதே அவனுக்குப் புரிந்திருக்க வேண்டும். ஆனாலும் அப்படித்தான் கேட்டான்.

ஆறு வரிதான். அதைத் தமிழில் சொல்ல எனக்கு வெகுநேரம் ஆனது. ஜனவரி பதினொன்றாம் தேதி வடகடலில் கப்பல் சேதமடைந்தது, தனகோட்டி காணாமற்போனவர்களில் ஒருவன், இறந்ததாகக் கருதப்படுகிறது, எதிரியின் செயல் காரணமல்ல.

"எதிரி இல்லன்னா?"

"குண்டு போடவில்லை. யாரும் தாக்கவில்லை."

"அப்போ பாறையில மோதுச்சா?"

"அப்படி எழுதவில்லை."

"புயலா?"

"புயல் என்றும் எழுதவில்லை."

அவன் காகிதத்தை வாங்கி, எழுத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். "புதுக் கப்பல் சார் அது" என்றான். பிறகு, "அன்னைக்கு நீங்க சொன்னீங்களே சார்..." என்று தொடங்கினான். உறையை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போனான்.

நான் மத்தியானம் இருபத்தாறாம் எண் கப்பலுக்கு அளவெடுக்கப் போனேன். வேறு படகு.

25 பிப்ரவரி, வெள்ளி

பதினேழாம் எண்: வரவில்லை.

9 மார்ச், வியாழன்

கப்பல் எப்படி அழிந்தது என்று விசாரிக்க ஒரு குழு அமைத்திருக்கிறார்கள். மதுரநாயகம் தொட்ட எல்லாத் துறைமுகங்களிலிருந்தும் அளவுத் தாள்கள் கேட்டுக் கடிதம் வந்தது. சேஷாச்சாரி அதை எனக்குப் படித்துக் காட்டினார். அதிகாலையில், சாதாரண அலையில், பீரங்கி வெடித்தது போல் ஒரு சத்தம். கப்பல் நடுவில் இரண்டாகப் பிளந்தது. பின்பாதி மிதந்தது, அதில் இருந்த முப்பத்திரண்டு பேரை வேறொரு கப்பல் ஏற்றிக்கொண்டது. முன்பாதி சிறிது நேரம் செங்குத்தாக நின்று, பிறகு மூழ்கியது. அதன் முனையில் காவலுக்கு நின்ற ஆள் விளக்கை ஆட்டிக்கொண்டே இருந்ததைப் பின்பாதியில் இருந்தவர்கள் பார்த்திருக்கிறார்கள். படகு போய்ச் சேரவில்லை. காவலுக்கு நின்றவன் சென்னையில் ஏறிய மாற்று ஆள்.

சேஷாச்சாரி கடிதத்தை மடித்துவிட்டு எங்கள் தாளை எடுத்தார்.

"பாருங்கோ. முன், நடு, பின், மூணும் கச்சிதம். இங்கேர்ந்து புறப்படறப்போ கப்பல் நேராத்தான் இருந்திருக்கு. நம்ம மேல ஒரு துரும்பு ஒட்டாது. எல்லாம் உங்க அட்டவணையோட புண்ணியம்." தாளைக் கோப்பில் செருகினார். "அந்த நவம்பர் பேச்சு நமக்குள்ளேயே இருக்கட்டும்."

அவரும் மறக்கவில்லை.

13 மார்ச், திங்கள்

இன்று முப்பதாம் எண்ணுக்கு அளவெடுத்தேன். அதே வகைக் கப்பல், அதே தாது, அதே இரண்டு கிடங்குகள். நடு நான்கு அங்குலம் எழுந்து நிற்கிறது. அட்டவணைப்படி திருத்தாமல், படித்ததைப் படித்தபடி மையில் எழுதிக் கொடுத்தேன்.

சேஷாச்சாரி கையெழுத்திட மறுத்தார். "இது மேல போனா பதினேழு எப்படிச் சரியா இருந்ததுன்னு கேப்பா. அப்புறம்?"

"அது சரியாக இல்லை. நான் படித்த எண்கள் என்னிடம் இருக்கின்றன."

"எதுல?"

சொல்லிவிட்டேன்.

அவர் நாற்காலியில் சாய்ந்தார். "நாட்குறிப்பா? யுத்த காலத்துல, துறைமுகத்துல உட்கார்ந்துண்டு நாட்குறிப்பா? அந்த ஒரு நோட்டு போறும் ஓய், உம்மை உள்ள வைக்க. என்னையும் சேர்த்து." இத்தனை மாதத்தில் அவர் என்னை ப்ரொபசர் என்று அழைக்காமல் பேசியது இதுதான் முதல் முறை. "கொளுத்திடும். எனக்கு மூணு பொண்ணு."

வீட்டுக்கு வந்து அடுப்பைப் பற்றவைத்தேன். நோட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே கஞ்சி காய்ச்சினேன். மண்ணெண்ணெய் வீணாகிறதே என்று பிறகு அணைத்தேன். நான் தைரியசாலி அல்ல. முப்பதாம் எண் வியாழனன்று புறப்படுகிறது. அதில் நாற்பத்திரண்டு பேர். இதை எழுதும்போதே, என் கண் இன்றும் தவறியிருந்தால் என்ற எண்ணம் வருகிறது. வருகிறது என்பதை மட்டும் எழுதி வைக்கிறேன்.

14 மார்ச், செவ்வாய்

எல்லப்பன் இரண்டு நாளாக மறுபடி வேலைக்கு வருகிறான் என்று கேள்விப்பட்டுப் படகுத்துறைக்குப் போனேன். தகர டப்பாவால் படகிலிருந்து தண்ணீரை இறைத்துக்கொண்டிருந்தான். எல்லாவற்றையும் சொன்னேன். நவம்பரில் இரண்டு நாளும் படித்த எண்கள், தாளில் எழுதிய எண், அட்டவணை, ரப்பர். மாணவன் ஒப்பிப்பதுபோல் நின்றுகொண்டே சொன்னேன்.

அவன் இறைப்பதை நிறுத்தவில்லை. முடிந்த பிறகுதான் நிமிர்ந்தான்.

"எனக்கு அங்குலம் தெரியாது சார். ஆனா அன்னைக்குக் காலையில நானும் பாத்தேன். கட்டுமரம் கட்டுறவனுக்கு மரம் முதுகு தூக்கினா தெரியாதா? தூக்கித்தான் இருந்துச்சு. அதுக்குத்தான் உங்களக் கேட்டேன்." டப்பாவைக் கவிழ்த்து வைத்தான். "படிச்சவரு, குழா வச்சுப் பாத்தவரு சொல்றாரேன்னு என் கண்ண நான் நம்பல சார். பையனை இறங்குடான்னு ஒரு வார்த்த கத்தியிருந்தா எறங்கியிருப்பான்."

அவன் அடிப்பான் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"ஏறுங்க" என்றான்.

முப்பதாம் எண்ணை நோக்கித் தள்ளினான். நடு எண்களுக்கு நேரே போய், ஒரு கையால் கப்பலின் தகட்டை அழுத்திப் படகை அசையாமல் நிறுத்தினான்.

"படிங்க சார்."

குழாயை வைத்துப் படித்தேன். 26 அடி 3.

"சத்தமா."

படித்தேன். மேலே கைப்பிடிக் கம்பியருகே பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தவர்கள் இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள். எல்லப்பன் அவர்களை அண்ணாந்து பார்த்தான்.

"இன்னொரு வாட்டி சார். அவங்களுக்குக் கேக்கணும்."

15 மார்ச், புதன்

காலையில் சுவரிலிருந்து அட்டவணையைக் கிழித்தேன். சேஷாச்சாரி பார்த்துக்கொண்டிருந்தார், தடுக்கவில்லை. பத்து மணிக்கு இந்த நோட்டைத் துறைமுக அதிகாரியிடம் நேரில் கொடுத்துவிட்டு, விசாரணைக் குழுவுக்கு அனுப்பும்படி எழுதிக் கேட்கப் போகிறேன். முப்பதாம் எண்ணை நிறுத்துவார்களா, என்னை நிறுத்துவார்களா என்று தெரியாது. ரெபேக்காளுக்குக் கடிதம் போட்டுவிட்டேன். சாப்பிடுகிறேன் என்று எழுதியிருக்கிறேன்.

கொடுக்குமுன் எல்லாப் பக்கங்களையும் ஒருமுறை சரிபார்த்தேன். எண்களில் பிழை இல்லை. ஒரே ஒரு திருத்தம்.

நவம்பர் 17, கடைசி வரி. 'கப்பலைப் பற்றி ஏதோ கேட்டான். பதில் சொன்னேன்' என்று இருக்கிறது. அதைப் பின்வருமாறு படிக்கவும்:

எல்லப்பன், "கப்பல் நேரா இருக்குதா சார்? பையன் போறான்" என்று கேட்டான்.

"நேராக இருக்கிறது" என்றேன். "உறுதியாக" என்றும் சொன்னேன்.